வாசல் வரை வரும் வாக்குறுதிகள்

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் உயர்கல்வியைப் பற்றி வேட்பாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படிப்பது என் வழக்கம். ஒஹாயோ மாநிலத்தில், இரண்டாண்டுப் படிப்பும் தொழிற்பயிற்சியும் தரும் அரசுக் கல்லூரியான ஒரு சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்புகளில் புள்ளியியல் கற்பித்துவருவதால், அந்த அறிக்கைகளில் என் மாணவர்களின் வாழ்க்கை எங்கே வருகிறது என்று பார்க்கும் ஆவல் எனக்கு உண்டு. ஒவ்வொரு முறையும் படித்து முடித்தபின் ஒரு நெருடல் மிஞ்சும். அந்த அறிக்கைகளில் சிலவற்றை நான் மனமார ஆதரித்திருக்கிறேன். அவற்றுக்காக நண்பர்களுடன் வாதாடியும் இருக்கிறேன். ஆனாலும் நான் மாலையில் பார்க்கும் வகுப்பறைக்கும் அவற்றுக்கும் நடுவே ஏதோ ஒன்று விட்டுப்போயிருப்பதாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. அது இன்னதென்று சொற்களில் பிடிபடவில்லை. 2024 தேர்தல் காலத்தில் ஒரு மாணவி சொன்ன ஒரு வாக்கியம் அதைத் துலக்கிக் காட்டியது. அதைச் சொல்வதற்கு முன், அந்தத் தேர்தல் எங்கள் மாநிலத்தில் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

2024 செப்டம்பர் 10 அன்று பிலடெல்பியாவில் கமலா ஹாரிசும் டொனால்ட் டிரம்ப்பும் நேருக்கு நேர் விவாதித்தார்கள். நெறியாளர்கள் உயர்கல்வி பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஹெய்ட்டியிலிருந்து எங்கள் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துக்கு வந்து குடியேறியவர்கள் அங்குள்ளோரின் வளர்ப்பு நாய்களையும் பூனைகளையும் தின்கிறார்கள் என்ற ஆதாரமற்ற பேச்சை டிரம்ப் அந்த மேடையில் சொன்னார். அதையடுத்து அந்த ஊரின் நகர மன்றத்துக்கும் பள்ளிகளுக்கும் வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன. அங்குள்ள கிளார்க் ஸ்டேட் என்னும் சமுதாயக் கல்லூரி தன் வகுப்புகளைச் சில நாள்களுக்கு இணையவழிக்கு மாற்றியது. வெல்டிங்கும் செவிலியர் பணியும் கற்பிக்கும் ஒரு கல்லூரி அந்தத் தேர்தலின் செய்திகளில் இப்படி ஒரு காரணத்துக்காக இடம்பெற வேண்டியிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. அதே நாள்களில் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் ஹாரிசின் தாய்வழிப் பாட்டனாரின் ஊரான துளசேந்திரபுரத்தில் நடந்த வழிபாடுகளைப் படம்பிடித்து வெளியிட்டன. ஹாரிஸ் கல்லூரிகளைப் பற்றி என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்ட தமிழ் நண்பர்கள் மிகக் குறைவு.

அவர் சொல்லாமல் இல்லை. செப்டம்பர் 13 அன்று பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பேரி நகரத்தில் பேசியபோது, பட்டம் தேவைப்படாத ஒன்றிய அரசுப் பணிகளிலிருந்து பட்டத் தகுதியை நீக்கிவிடுவேன் என்று அறிவித்தார். தொழிற்பழகுநர் பயிற்சிகளைப் பெருக்குவதும் அவருடைய திட்டத்தில் இருந்தது. டிரம்ப் அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரிலேயே ஒரு காணொளியில், பெரிய தனியார் பல்கலைக்கழகங்களின் அறக்கட்டளை நிதிமீது வரியும் அபராதமும் விதித்து, அந்தப் பணத்தில் 'அமெரிக்கன் அகாடமி' என்ற இலவச இணையவழிப் பல்கலைக்கழகத்தைத் தொடங்குவேன் என்று சொல்லியிருந்தார். கல்லூரியில் சேர்ந்து பாதியில் விட்ட கோடிக்கணக்கான மக்களை அவர் அதில் குறிப்பாகச் சுட்டினார் என்பதை நியாயத்துக்காகப் பதிவுசெய்ய வேண்டும். ஒருவர் பட்டத்தின் தேவையைக் குறைக்க விரும்பினார். மற்றவர் பட்டத்தைத் திரைவழியே வீட்டுக்குக் கொண்டுவர விரும்பினார். நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும் சமுதாயக் கல்லூரிகளில், இளங்கலை நிலையில் படிப்போரில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பேர் படிக்கிறார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பகுதிநேர மாணவர்கள். அவர்கள் அமர்ந்திருக்கும் வகுப்பறைக்குள் இரு வேட்பாளரின் பேச்சும் அதிகம் நுழையவில்லை.

எண்பது ஆண்டு வாக்குறுதி

இலவச சமுதாயக் கல்லூரி என்பது ஏதோ அண்மைக்கால இடதுசாரிக் கனவு என்று நினைப்பவர்கள் என் நண்பர்களிடையே பலர் உண்டு. ஹாரி ட்ரூமன் 1946இல் நியமித்த உயர்கல்வி ஆணையம் 1947 டிசம்பரில் தன் அறிக்கையை வெளியிடத் தொடங்கியபோதே, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுப் படிப்பும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும், அதற்காக ஊர்தோறும் சமுதாயக் கல்லூரிகள் எழ வேண்டும் என்று பரிந்துரைத்தது. ட்ரூமனிடம் கல்லூரிப் பட்டம் கிடையாது. 1920களில் கான்சஸ் நகரத்தில் இரவுநேரச் சட்டக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்து, முடிக்காமல் விட்டவர் அவர். பகலில் வேலை, இரவில் வகுப்பு, பிறகு வாழ்க்கை குறுக்கிட்டுப் படிப்பு நின்றுபோவது ஆகியவற்றைத் தம் உடம்பால் அறிந்திருந்த ஓர் அதிபர்தான் அந்த ஆணையத்தை அமைத்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்மீது தனிப் பரிவு ஏற்படும். அவருக்குப் பின் வந்த அதிபர்களில் பெரும்பாலோர் புகழ்பெற்ற கல்லூரிகளில் பகல்நேரத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள்.

பரிந்துரை எழுத்தில் நின்றது; கட்டடங்கள் எழுந்தன. ஒஹாயோவின் முதல் சமுதாயக் கல்லூரியான குயஹோகா 1963இல் கிளீவ்லாந்தில் தொடங்கியது. லிண்டன் ஜான்சன் 1965இல் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வருமானம் குறைந்த மாணவர்களுக்காக 1972இல் உருவான ஒன்றிய அரசின் உதவித்தொகை 1980இல் செனட்டர் கிளைபோர்ன் பெல்லின் பெயரைப் பெற்றது. இன்று என் மாணவர்கள் 'பெல்' என்று சொல்வது அதைத்தான். இந்த வரலாறு பலருக்கும் தெரிந்தது என்பதால் விரிக்காமல் வேட்பாளர்களிடம் வருகிறேன்.

பில் கிளின்டன் 1996இல் இரண்டாம் முறை போட்டியிட்டபோது, பதின்மூன்றாம் பதினான்காம் ஆண்டுக் கல்வியைப் பள்ளிக் கல்வியைப்போல எல்லோருக்கும் பொதுவாக்குவேன் என்றார். அது ட்ரூமன் ஆணையத்தின் குரலேதான். ஆனால் அதற்கு அவர் தேர்ந்த வழி 1,500 டாலர் வரிச்சலுகை. அடுத்த ஆண்டு அது சட்டமாயிற்று. வரியே கட்டத் தேவையில்லாத அளவுக்கு வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அதனால் பயனில்லை. பெல் தொகை கட்டணத்தை ஈடுகட்டிவிட்டால் சலுகை கோர ஒன்றும் மிஞ்சாது. ஆக, அந்த ஏற்பாடு நடுத்தர வருமானமுள்ள பெற்றோரை நோக்கியது. அவர்களே அந்தத் தேர்தலில் கிளின்டன் வென்றெடுக்க விரும்பிய வாக்காளர்களாகவும் இருந்தார்கள்.

பராக் ஒபாமா 2009 ஜூலையில் மிச்சிகனின் மக்கோம்ப் சமுதாயக் கல்லூரிக்குச் சென்று 1,200 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தார். அடுத்த ஆண்டு சட்டம் வெளிவந்தபோது அதில் எஞ்சியது 200 கோடி டாலர், அதுவும் தொழிற்பயிற்சிக்கு. ஒவ்வோர் அமெரிக்கரும் பள்ளிக்குப் பிறகு குறைந்தது ஓராண்டாவது படிக்கவோ பயிற்சி பெறவோ வேண்டும் என்று அவர் சொன்னபோது, தொழிற்பயிற்சியையும் பழகுநர் பணியையும் அதில் வெளிப்படையாகச் சேர்த்திருந்தார். அப்படியிருந்தும் 2012இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் நின்ற ரிக் சான்டோரம், எல்லோரையும் கல்லூரிக்கு அனுப்ப நினைக்கும் மேட்டிமைக்காரர் என்று ஒபாமாவைச் சாடினார். அந்தச் சாடல் இன்றுவரை வெவ்வேறு வாய்களில் தொடர்கிறது. டிரம்ப் அதிபராக 2018இல் எங்கள் ஒஹாயோவின் ரிச்ஃபீல்டுக்கு வந்து பேசியபோது, சமுதாயக் கல்லூரி என்றால் என்னவென்றே விளங்கவில்லை, தொழிற்பள்ளி என்று அழைப்பதே பொருத்தம் என்ற கருத்தைச் சொன்னார். அந்த மேடையிலிருந்து சிறிது நேரம் வண்டியோட்டினால் போதும், ஒரே கூரையின்கீழ் கட்டுமானப் பயிற்சியும் கால்குலசும் நடக்கும் கல்லூரிகளை அவர் பார்த்திருக்கலாம். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்திருப்பதே அந்தக் கல்லூரிகளின் பலம். பற்றவைப்புக் கற்க வந்தவர் பொறியியலுக்குப் போவதும், பொறியியலுக்கு வந்தவர் குளிர்பதனத் தொழில்நுட்பத்தில் நிறைவுகொள்வதும் அங்கே அன்றாடம் நடப்பவை.

2015 ஜனவரியில் ஒபாமா டென்னசியின் பெல்லிசிப்பி ஸ்டேட் சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு இலவசப் படிப்பை முன்மொழிந்தார். செலவில் நான்கில் மூன்று பங்கை ஒன்றிய அரசும் மீதியை மாநிலங்களும் ஏற்கும் ஏற்பாடு அது. அவர் டென்னசியைத் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த மாநிலத்தின் குடியரசுக் கட்சி ஆளுநர் பில் ஹாஸ்லம் 2014இலேயே தன் மாநிலத்தில் அப்படியொரு திட்டத்தைச் சட்டமாக்கியிருந்தார். இலவசக் கல்வி ஒரு கட்சியின் சொத்தாக இல்லாமலிருந்த காலம் அது. அடுத்த ஆண்டுத் தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் போட்டியில் பெர்னி சாண்டர்ஸ் எல்லா அரசுக் கல்லூரிகளிலும் கட்டணம் ஒழிய வேண்டும் என்றார். ஹிலாரி கிளின்டன் அவரோடு சமரசம் செய்து ஆண்டு வருமானம் 1,25,000 டாலர் வரையுள்ள குடும்பங்களுக்கு என்றார். 2020இல் வாதம் முழுதும் யாருக்கு இலவசம், எத்தனை ஆண்டு இலவசம், எவ்வளவு கடன் தள்ளுபடி என்பதைச் சுற்றியே நடந்தது. ஜோ பைடன் சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு என்ற நடுவழியில் தொடங்கி, பிறகு ஹிலாரியின் 1,25,000 டாலர் வரம்புத் திட்டத்தையும் சேர்த்துக்கொண்டு வென்றார்.

'எனக்கு இப்போதே இலவசம்தான்'

பிலடெல்பியா விவாதம் முடிந்த சில நாள்களுக்குப் பிறகு, வகுப்பு முடிந்து மாணவர்கள் கலைந்துகொண்டிருந்தபோது, யார் வந்தால் கல்லூரி இலவசமாகும் என்ற பேச்சு அவர்களுக்குள் எழுந்தது. முன்வரிசையில் அமரும் ஒரு மாணவி அதில் கலந்துகொள்ளாமல் பையை அடுக்கிக்கொண்டிருந்தார். முப்பது வயதை ஒட்டியவர். ஒரு பொருள் விநியோகக் கிடங்கில் வேலை. வீட்டில் பள்ளி செல்லும் மகன். மூச்சுச் சிகிச்சைப் படிப்பில் சேர்வதற்காக முன்தேவைப் பாடங்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருந்தார். முதல் தேர்வில் வகுப்பிலேயே நல்ல மதிப்பெண் வாங்கியவர்களில் அவரும் ஒருவர். எல்லோரும் போனபின் என்னிடம் வந்து, அடுத்த வாரத்திலிருந்து வகுப்புக்கு வர இயலாது என்றார். பண்டிகைக் காலம் நெருங்குவதால் கிடங்கில் ஷிப்ட் மாறிவிட்டது. செவ்வாயும் வியாழனும் இனி இரவு பத்து மணிவரை வேலை.

நான் சற்றுத் திகைத்து, கட்டண உதவி ஏதாவது கிடைத்தால் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்: "எனக்கு இப்போதே இலவசம்தான், சார். பெல் கட்டணத்தைக் கட்டிவிடுகிறது. புத்தகத்துக்கும் கொஞ்சம் மிஞ்சுகிறது. எனக்கு இல்லாமல் போனது செவ்வாய்க்கிழமை மாலைதான்."

அந்த வாக்கியத்துக்குப் பிறகு நான் வேட்பாளர்களின் அறிக்கைகளைப் படிக்கும் விதம் மாறியது. அவர் சொன்னது எண்களாலும் உண்மை. 2024-25 கல்வியாண்டில் பெல் உதவித்தொகையின் உச்சவரம்பு 7,395 டாலர். நாட்டின் சமுதாயக் கல்லூரிகளில் முழுநேர மாணவருக்கான சராசரி ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ 4,000 டாலர். பகுதிநேர மாணவர்களுக்கு இரண்டுமே குறையும். அதாவது மிக ஏழ்மையான மாணவருக்குக் கட்டணம் என்ற வாசல் ஏற்கனவே திறந்தே இருக்கிறது. அதற்கு அப்பால் வாடகை இருக்கிறது, கார் இருக்கிறது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், நிலையான வேலை நேரம் வேண்டும். டென்னசியின் புகழ்பெற்ற திட்டம்கூட பெல் போக மீதமுள்ள கட்டணத்தை மட்டும் ஏற்பதுதான். மீதமே இல்லாதவருக்கு அதிலிருந்து ஒரு காசும் கூடுதலாக வராது. அந்தத் திட்டம் நன்மை செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். கல்லூரி நமக்கானதல்ல என்று நினைத்த பல்லாயிரம் பிள்ளைகளை, 'இலவசம்' என்ற எளிய செய்தி விண்ணப்பம் போடச் செய்தது. என் மாணவியோ அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்து, உள்ளே அமர்ந்து, நன்றாகப் படித்து, பிறகு வெளியேறுபவர்.

வெளியேறுவதற்கும் ஒரு விலை உண்டு. பருவத்தின் அறுபது விழுக்காடு கடப்பதற்கு முன் எல்லாப் பாடங்களையும் விட்டுவிட்டால், பெற்ற ஒன்றிய உதவித்தொகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. கல்லூரி அந்தப் பணத்தை அரசுக்குத் திருப்பிவிட்டு மாணவரிடம் நிலுவையாகக் கேட்கும். நிலுவை தீரும்வரை அடுத்த பருவத்துக்குப் பதிவுசெய்ய முடியாமல் போவது வழக்கம். இலவசமாகப் படித்தவர் கடனாளியாக வெளியே போகிறார். கடன் தள்ளுபடி பற்றிய பெரும் விவாதத்திலும் இதே கோடு ஓடியது. தவணை கட்ட முடியாமல் தவறும் அபாயம் பட்டம் முடித்தவரைவிட முடிக்காதவருக்கே மிகுதி. பைடனின் 40,000 கோடி டாலர் மதிப்பிலான தள்ளுபடித் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் ரத்துசெய்தபோது, எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் பட்டதாரிகளையே மனத்தில் வைத்துப் பேசினார்கள். பட்டமே இல்லாமல் கடன் மட்டும் உள்ளவர்கள் இருதரப்பின் பேச்சிலும் ஓரமாகவே நின்றார்கள்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சமுதாயக் கல்லூரியில் சேர்பவர்களில் ஐந்தில் நான்கு பேர் என்றாவது இளங்கலைப் பட்டம் பெறும் எண்ணத்தோடு சேர்கிறார்கள். நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு உண்மையில் மாறிச் செல்வோர் மூன்றில் ஒரு பங்கினர். ஆறு ஆண்டுகளில் இளங்கலை முடிப்போர் நூற்றுக்குப் பதினாறு பேர் அளவில் இருக்கிறார்கள். மாறிச் செல்பவர்களும் எடுத்த பாடங்களையெல்லாம் கொண்டுபோக முடிவதில்லை. ஒன்றிய அரசின் தணிக்கை அலுவலகம் 2017இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கல்லூரி மாறும் மாணவர்கள் முடித்த பாடங்களுக்குக் கணக்கில் சேரும் கிரெடிட்டுகளில் சராசரியாக 43 விழுக்காட்டை இழக்கிறார்கள். அந்த இழப்பைக் கட்டணக் குறைப்பால் ஈடுகட்ட முடியாது. ஒருமுறை படித்த பாடத்துக்கு மறுபடி ஒரு மாலைநேரத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

தெரிந்த மருந்து

என்னை அதிகம் வாட்டுவது, இதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாத ஒன்றல்ல என்பதுதான். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தன் சமுதாயக் கல்லூரிகளில் 'ஏசாப்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் சேரும் மாணவர் முழுநேரமாகப் படிக்க வேண்டும். உதவித்தொகை போக மீதக் கட்டணம் இருந்தால் அது தள்ளுபடி. கூடவே பாடநூலுக்குப் பணம், நகரப் பேருந்து, ரயில்களுக்கான பயண அட்டை, வேலைக்கு ஏற்றாற்போல ஒருங்கே அமைத்த வகுப்பு நேரங்கள், பெயர் சொல்லி அழைத்து அடிக்கடி சந்திக்கும் ஓர் ஆலோசகர். பல சமுதாயக் கல்லூரிகளில் ஓர் ஆலோசகருக்குப் பல நூறு மாணவர்கள் இருக்கும்போது, இங்கே அந்த எண்ணிக்கையைக் குறைவாக வைத்தார்கள். குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து நடத்திய ஆய்வில், மூன்று ஆண்டுகளில் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் இருந்தோரில் 40 விழுக்காடு, இல்லாதோரில் 22 விழுக்காடு. கல்விக் கொள்கையில் இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காட்டிய ஆய்வுகள் அரிது. ஒரு மாணவருக்கான செலவு கூடியது. ஒரு பட்டத்துக்கான செலவு குறைந்தது. பிறகு எங்கள் ஒஹாயோவிலேயே சின்சினாட்டி, கிளீவ்லாந்து, லொரெயின் ஆகிய இடங்களின் மூன்று கல்லூரிகள் அதே முறையைச் செய்துபார்த்தன. அங்கும் பட்டம் முடிப்போர் விகிதம் ஏறத்தாழ இரட்டிப்பானது. சில ஆண்டுகள் கழித்து அவர்களின் வருமானமும் கூடியிருந்தது. என் மாணவி முழுநேரமாகச் சேர்ந்திருக்க முடியாது என்பதால் அந்தத் திட்டமும் அவரை அப்படியே தாங்கியிருக்காது. ஆனால் ஷிப்ட் மாறிய அதே வாரத்தில் அவர் பேசுவதற்கு ஓர் ஆலோசகர் இருந்திருந்தால், எல்லாப் பாடங்களையும் விடாமல் ஒன்றையாவது காப்பாற்றியிருக்கலாம். நிலுவைக் கடனும் தவிர்ந்திருக்கலாம்.

இதை வெள்ளை மாளிகை அறியாமலும் இல்லை. ஜில் பைடன், கணவர் அதிபராக இருந்தபோதும் வடக்கு வர்ஜீனியா சமுதாயக் கல்லூரியில் எழுத்து வகுப்புகளை நடத்திவந்தவர். டெலாவேர் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள், சமுதாயக் கல்லூரி மாணவர்களைப் படிப்பு நின்றுவிடாமல் தக்கவைப்பது எப்படி என்பதே. 2021 ஏப்ரலில் பைடன் அறிவித்த 'அமெரிக்கக் குடும்பங்கள் திட்டத்தில்' இலவச சமுதாயக் கல்லூரிக்கு 10,900 கோடி டாலரும், மாணவர்களைத் தக்கவைத்துப் படிப்பை முடிக்கச் செய்யும் பணிகளுக்கு 6,200 கோடி டாலரும் இருந்தன. முதல் எண் எல்லாத் தலைப்புச் செய்திகளிலும் வந்தது. இரண்டாவது எண்ணைப் பற்றி யாரும் என்னிடம் பேசி நான் கேட்டதில்லை. அக்டோபரில் செனட்டர் ஜோ மான்சின் உள்ளிட்டோரின் எதிர்ப்பால் இலவசக் கல்வி அந்தத் திட்டத்திலிருந்து விழுந்தபோது நாடு முழுவதும் அது செய்தியாயிற்று. தக்கவைப்புக்கான பெருநிதி ஓசையின்றிக் கரைந்தது. 2022 நிதியாண்டில் மாணவர் வெற்றிக்கான மானியம் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்கியது 50 லட்சம் டாலர். அடுத்த ஆண்டு அது 4.5 கோடியாயிற்று. ஆயிரம் கல்லூரிகளுக்கு நடுவே அதை வைத்துப் பாருங்கள்.

அந்த இரண்டாவது எண்ணுக்காக ஏன் ஒரு வேட்பாளரும் மேடையேறுவதில்லை என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். இலவசம் என்பதை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்; கேட்கும் ஒவ்வொரு பெற்றோரும் அதில் தம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். ஆலோசகர் நியமனத்தை அப்படிச் சொல்ல முடியாது. பாதியில் நின்றவர்கள் ஓர் அமைப்பாகத் திரள்வதில்லை. தங்கள் படிப்பு நின்றதைத் தங்கள் குறையாகவே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதிகாரம் பிரிந்துகிடப்பதும் ஒரு காரணம். ஒஹாயோவில் இருபதுக்கும் மேற்பட்ட சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு மட்டுமே உள்ளூர்ச் சொத்து வரியின் துணை உண்டு. அந்த வரியையும் உள்ளூர் மக்களே வாக்களித்துப் புதுப்பிக்க வேண்டும். மற்றவை மாநில நிதியையும் கட்டணத்தையும் நம்பி நிற்பவை. அதிபரின் கையில் இருப்பது பெல் தொகையும், சில மானியங்களும், பேசுவதற்கு ஒரு மேடையும். ஆனால் ஓர் அதிபர் வேட்பாளர் எதைப் பற்றிப் பேசுகிறாரோ அதைப் பற்றியே ஆளுநர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் செய்தியாளர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்பதை 2015க்குப் பிந்தைய ஆண்டுகள் காட்டின. மாநிலம் மாநிலமாக இலவசத் திட்டங்கள் பெருகியது அந்தப் பேச்சின் விளைவும்தான்.

இலவசத்தை மட்டும் கட்டிவிட்டு உள்ளே இருப்பதைக் கவனிக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு எங்கள் மாநிலத்திலேயே ஒரு சாட்சியம் இருக்கிறது. ஸ்டூபன்வில்லில் இருந்த ஈஸ்டர்ன் கேட்வே சமுதாயக் கல்லூரி, தொழிற்சங்க உறுப்பினர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் இலவச இணையவழிப் படிப்பு என்று நாடு முழுவதும் அறிவித்து, ஓஹாயோ ஆற்றங்கரையின் சிறு கல்லூரி தாங்க முடியாத அளவுக்குப் பல்லாயிரம் பேரைச் சேர்த்தது. அந்த இலவசத்தின் செலவு பெல் பெறும் மாணவர்களின் தலையிலேயே விழுகிறது, அது விதிமீறல் என்று ஒன்றியக் கல்வித்துறை 2022இல் அதை நிறுத்தச் சொன்னது. 2024இல் கல்லூரியே மூடப்பட்டது. அந்தப் பகுதியின் எஃகு ஆலைகள் சுருங்கியபின், தொலைவு போகாமல் படிக்க வழியின்றி இருந்தவர்களுக்கு எட்டிய தூரத்தில் இருந்த கல்லூரி அது. அந்த மூடலை ஒரு வேட்பாளரும் தம் பேச்சில் எடுத்து நான் கேட்கவில்லை.

இங்கே நம்மவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கொலம்பசிலும் சின்சினாட்டியின் புறநகர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் 'காலேஜ் கிரெடிட் பிளஸ்' என்று சொல்லப்படும் மாநிலத் திட்டத்தை நன்றாக அறிவார்கள். பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடங்களை அரசு செலவில் படிக்க அது வழி செய்கிறது. நம் பிள்ளைகள் பலர் அதன்வழியே சமுதாயக் கல்லூரிப் பாடங்களில் கிரெடிட் சேர்த்துக்கொண்டு பெரிய பல்கலைக்கழகங்களுக்குப் போகிறார்கள். அது நல்லதுதான், நானும் பரிந்துரைக்கிறேன். ஆனால் அதே கல்லூரியில் ஒரு பிள்ளை பள்ளி முடித்துச் சேர்ந்தால், அதை வெளியில் சொல்லத் தயங்கும் பெற்றோரை எனக்குத் தெரியும். அந்தத் தயக்கம் நீங்க வேண்டும் என்று நான் உளமார விரும்புகிறேன். இந்நாட்டில் வாக்குரிமை பெற்ற நம் குடும்பங்கள் அந்தக் கல்லூரியின் சொத்து வரித் தீர்மானத்துக்கு நேரே ஆம் என்றோ இல்லை என்றோ குறிக்கும்போது, அங்கே மாலையில் யார் படிக்கிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எழுபது விழுக்காடு

2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரும் வரவு செலவுச் சட்டத்தில், எட்டு முதல் பதினைந்து வாரக் குறுகியகாலப் பயிற்சிகளுக்கும் பெல் தொகை கிடைக்கும் ஏற்பாடு இருக்கிறது. 2026 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வருவதாகச் சட்டம் சொல்கிறது. இரு கட்சியினரும் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த ஒன்று அது. நானும் அதை வரவேற்கிறேன். அதில் என்னைக் கவர்ந்தது ஒரு நிபந்தனை. சேர்ந்தவர்களில் எழுபது விழுக்காட்டினர் பயிற்சியை முடித்திருக்க வேண்டும், முடித்தவர்களில் எழுபது விழுக்காட்டினருக்கு வேலை கிடைத்திருக்க வேண்டும். இல்லையேல் அந்தப் பயிற்சிக்கு உதவித்தொகை கிடையாது. முடிப்பதை ஒன்றியச் சட்டம் இவ்வளவு நேராகக் கேட்பது எனக்குத் தெரிந்து அரிது. அதே நேரத்தில் அது எனக்கு அச்சமும் தருகிறது. எழுபதை எட்டுவதற்கு ஒரு கல்லூரிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஷிப்ட் மாறுபவருக்கும் குழந்தை உள்ளவருக்கும் துணைநின்று முடிக்க வைக்கலாம். அல்லது, முடிக்கக்கூடியவர் என்று தோன்றுபவரை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். முதல் வழிக்கு ஆலோசகரும் குழந்தைக் காப்பகமும் பேருந்துக் கட்டணமும் வேண்டும். அவற்றுக்கு அந்தச் சட்டம் தனியாகப் பணம் ஒதுக்கவில்லை. இரண்டாவது வழிக்குச் செலவே இல்லை. 2028இல் வாக்குக் கேட்டு ஒஹாயோவுக்கு வரும் வேட்பாளர் எந்தக் கட்சியினராக இருந்தாலும், நூற்றுக்கு எழுபது பேரை முதல் வழியில் முடிக்கவைக்க ஒரு கல்லூரிக்கு ஆகும் கூடுதல் செலவை ஒன்றிய அரசு எவ்வளவு ஏற்கும், மாநிலம் எவ்வளவு ஏற்க வேண்டும் என்று எண்ணோடு சொல்லும்படி நான் கேட்கப்போகிறேன்.